ஒற்றைப் புருவம்

மதகுக் கட்டில் என் மனைவி யோகா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் எங்கள் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் பக்கக் கண்ணாடியை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். அவளுடைய மடியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம். அதற்குள் கிறீம், பவுடர், புருவப் பென்சில், கண் மை, லிப்ஸ்ரிக்.

நான் வீதிக்கும் அவளுக்கும் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்கிறேன். கைகளை அப்படி அகட்டி வைத்தால் இன்னும் கொஞ்சம் மறைக்கும் என்பது என் எண்ணம்.

காலை ஏழரை மணி இருக்கும். வாய்க்காலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும். மருத மரத்தின் நிழல் அவள் முகத்தில் ஆடினால், “கொஞ்சம் தள்ளி விடுங்கோ” என்பாள். நான் மோட்டார் சைக்கிளை ஒரு அடி தள்ளி விடுவேன்.

வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியால்தான் போக வேண்டும். கந்தையா அண்ணை தன் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை எங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் வேண்டுமென்றே மெதுவாக விடுவார்.

“என்ன தம்பி, அம்மாளுக்கு அலங்காரம் இன்னும் முடியேல்லையோ? முடிஞ்சதும் சொல்லி விடுங்கோ, தேர் இழுக்க ஆள் கூட்டிக்கொண்டு வாறன்.”

நான் தண்ணீரைப் பார்ப்பேன். பதில் சொல்வது யோகாதான்.

“அண்ணை, உங்கட பெட்டியால நெல்லுச் சிந்துது. முதல் அதைப் பாருங்கோ.”

அவர் பதறித் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சிந்தியிருக்காது. அதற்குள் யோகா மற்றக் கண்ணுக்கும் மை போட்டு முடித்திருப்பாள்.

மூன்று மாதம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் அந்த மதகடியில் ஏழெட்டு நிமிடம் இப்படி நின்றிருக்கிறேன்.

வீட்டில் போட்டால் என்ன?

நெல் ஆலையில் மூட்டை தூக்கி என் முதுகு போன கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதன்பிறகு வீட்டில் கோழியும் கத்தரித் தோட்டமும்தான் என் உத்தியோகம். வேலைக்குப் போய்வர எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது யோகா ஒருத்திதான்.

கிளிநொச்சி நகரில் ஒரு பெரிய புடவைக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலில் பின்னால் களஞ்சிய அறையில் உடுப்பு மடிக்கும் வேலை. பிறகு சாறிப் பகுதியில் நின்ற ஒரு பிள்ளை கலியாணம் முடித்துப் போக, யோகாவை அங்கே விட்டார்கள். ஆனால் நிரந்தரமாக இல்லை. மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிற்கலாம், இல்லையென்றால் வேறு ஆள் எடுப்போம் என்றார்கள். களஞ்சியத்துக்கு ஏற்கெனவே புதுப் பிள்ளை வந்துவிட்டாள். ஆகவே சாறிப் பகுதி இல்லையென்றால் வீடுதான்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் தர்சினி. இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பிள்ளை. முதல் நாளே யோகாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. வெறும் முகத்தோட முன்னுக்கு நிண்டால் சனம் உங்களைக் கடை கூட்ட வந்த ஆள் எண்டுதான் நினைக்கும். முகத்தில ஏதாவது போட்டுக்கொண்டு வாங்கோ.”

யோகா அதுவரை பவுடரையும் பொட்டையும் தாண்டிப் போனதில்லை. என்னென்ன வாங்க வேண்டும் என்று தர்சினியே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் துண்டை நான்தான் கடைக்குக் கொண்டு போனேன். வாயால் கேட்க வெட்கமாக இருந்தது. துண்டைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் எல்லாவற்றையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு ஏறினாள். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டிலிருந்து பாதித் தூரம் கிரவல் வீதி. முன்னால் ஒரு மணல் ரிப்பர் லொறி போனது. போதாததற்கு ஹெல்மெற். கடை வாசலில் அதைக் கழற்றியபோது, கிறீம் பூசிய இடமெல்லாம் செம்மண் ஒட்டியிருந்தது. ஒரு கன்னத்து நிறம் முழுக்க ஹெல்மெற்றின் உட்பஞ்சில் இருந்தது.

“அக்கா, உதென்ன, முகத்துக்குக் கறித்தூளோ போட்டனீங்கள்?” என்று தர்சினி கேட்டாளாம்.

அன்றிலிருந்துதான் மதகு. கிரவல் முடிந்து தார் வீதி தொடங்கும் இடம் அது. அங்கே ஹெல்மெற்றைக் கழற்றி, முகம் கழுவி, எல்லாம் போட்டு, அங்கிருந்து ஹெல்மெற் இல்லாமலே, பொலிஸ் நிற்காத ஒழுங்கையால் ஊர்ந்து போய்க் கடையின் பின்பக்கத்தில் இறக்கிவிடுவேன். முன்வாசலுக்குப் போவதில்லை. வேலை நேரத்தில் வீட்டு ஆட்கள் கடைப் பக்கம் வரக்கூடாது என்பது அங்கே கடுமையான சட்டம். ஒரு பிள்ளையின் தமையன் அடிக்கடி வந்து கதைத்துக்கொண்டு நின்றதற்காக அந்தப் பிள்ளையையே வேலையை விட்டு நிற்பாட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு போடலாம்?

தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் இதைப் பற்றி நிறையக் கதைப்பார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எதற்குப் பூச்சு என்று ஒருவர் கேட்பார். பூசாமல் வந்தால் நித்திரையால் எழும்பி வந்த மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். வங்கியில் இருக்கிற பிள்ளைக்கு அளவு தெரியும், கடைப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று மூன்றாமவர் தீர்ப்பு வழங்குவார். இவர்களில் ஒருவரும் முகத்துக்குச் சவர்க்காரம்கூட ஒழுங்காகப் போடுகிறவர்கள் இல்லை.

நான் அந்தக் கதைகளில் கலந்துகொள்வதில்லை. எனக்கு அதில் தகுதியும் இல்லை. பெண்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே எனக்கு வரவில்லை. மருந்தெடுக்கப் போனால் மருத்துவத் தாதியின் கையைப் பார்ப்பேன். அரசாங்கக் கந்தோரில் என்றால் மேசையைப் பார்ப்பேன். தாலி கட்டும்போதுகூட நான் முடிச்சைத்தான் பார்த்தேன். “மாப்பிள்ளை கயிறு திரிக்க வந்தவர் போல” என்று யோகாவின் சித்தி அப்போதே சொன்னாவாம்.

ஆனால் ஒரே ஒரு முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது என் பெரியக்காவின் முகம்.

போர்க்காலத் தடையால் வன்னிக்குள் சவர்க்காரமே வராமல் இருந்த காலம் அது. பனங்காய் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அக்கா ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போய்வந்தா. சவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் காயவைத்திருப்பா. காலையில் விரலை நனைத்து அதில் தேய்த்துப் பொட்டு வைப்பா. பவுடர் பேணியில் கடைசியாக இருந்த கொஞ்சத்தோடு அரிசிமாவைக் கலந்து வைத்திருந்தா. அதைத்தான் பூசிக்கொண்டு போவா. பதினொரு மணி வெயிலுக்கு முகத்தில் மா திரளத் தொடங்கும்.

“பிள்ளை, முகத்தில கொழுக்கட்டை அவியுது” என்று வரிசையில் நிற்கிற கிழவர்கள் சொல்வார்களாம்.

அக்கா இப்போது உடையார்கட்டில் இருக்கிறா. யோகா வேலைக்குப் போகத் தொடங்கிய நாட்களில் ஒருமுறை அவவிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு பாடுபட்டுப் பூசினீங்கள் என்று.

“வரிசை முழுக்கச் சனம் சோர்ந்துபோய் நிக்குது. சீனி முடிஞ்சுது, மா முடிஞ்சுது எண்டு சொல்லுறது நான். சொல்லுற முகமாவது கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டும் எண்டுதான்” என்றா.

அதைக் கேட்டபிறகு மதகடியில் நிற்பதற்கு எனக்கிருந்த கூச்சம் பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதி அப்படியே இருந்தது.

கண்ணாடி இல்லாத நாள்

மூன்று மாதம் முடிகிற வாரம் வந்தது. கடையின் முதலாளி வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்றார்கள். முதலாளி ஒரு முஸ்லிம் அம்மா. முல்லைத்தீவில் பிறந்து, குடும்பத்தோடு வெளியேறிப் பல வருடங்கள் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பெரிய கடை வவுனியாவில். கிளிநொச்சிக் கடைக்கு மாதம் ஒருமுறை வருவார். அக்கா என்ற பொருளில் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நாளைக்கு ராத்தா வாறா. வடிவா வாங்கோ அக்கா” என்று தர்சினி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அன்று பின்னேரம் பார்த்து எங்கள் மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிள் அறுந்தது. அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுப் பெடியனின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். மதகடியில் இறங்கி, வழக்கம்போலக் கண்ணாடியைத் திருப்பக் கையை நீட்டினேன். கண்ணாடி இல்லை. மற்றப் பக்கமும் இல்லை. அழகுக்காக இரண்டையும் கழற்றி வைத்திருந்தான் அவன்.

யோகாவிடம் வேறு கண்ணாடி இல்லை. எங்களிடம் இருந்த கைப்பேசியும் பட்டன் போன்.

யோகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தகரத்தைத் திறந்தாள்.

“இண்டைக்கு நீங்கள்தான் கண்ணாடி. இஞ்சால திரும்புங்கோ.”

திரும்பினேன். மூன்று மாதத்தில் அன்றுதான் முதன்முறையாக அவள் போடுவதைப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்வதும் சரியில்லை. அவளுடைய தோட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ கண்ணை வைத்திருந்தேன்.

யோகாவின் புருவங்கள் பிறவியிலேயே ஐதானவை. பென்சிலால் கீறினால்தான் புருவம் இருப்பது தெரியும். இடது புருவத்தைக் கீறி முடித்தாள். அந்த நேரம் ஒரு மணல் ரிப்பர் வர, தகரத்தை மூடி முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குனிந்தாள். புழுதி அடங்கியதும் தகரத்தைத் திறந்து லிப்ஸ்ரிக்கை எடுத்தாள்.

“சரியோ?”

“ஓம்.”

“வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ.”

“ஓம், சரி.”

நான் தோட்டைப் பார்த்துச் சொன்ன சரி அது. தோடு சரியாகத்தான் இருந்தது.

கடையின் பின்ஒழுங்கையில் இறக்கினேன். நான்கு அடி நடந்தவள் திரும்பி, “கோழிக்குத் தண்ணி வைக்கேல்லை, மறந்துபோடாதேங்கோ” என்றாள். அப்போது வெயில் நேரே அவள் முகத்தில் அடித்தது. இடது பக்கம் கருகருவென்று ஒரு புருவம். வலது பக்கம் வெறும் நெற்றி.

கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் வேறு இரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் புருவம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

பதினேழு சாறி

சந்தை வரைக்கும் போய்விட்டேன். ராத்தாவின் முன்னால் யோகா ஒற்றைப் புருவத்தோடு நிற்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. மூன்று மாதம் புழுதியில் உட்கார்ந்து போட்ட பூச்சு எல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான். அதைக் கெடுத்தது நான். பார்க்கச் சொன்னாள், நான் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

அந்தக் கடைக்குள் அதற்கு முதல் நான் கால் வைத்ததில்லை. குளிர்காற்று, புதுத்துணி வாசனை, எந்தப் பக்கம் பார்த்தாலும் பெண்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. அதன் பக்கத்தில் ஒரு கதிரையில் முக்காடு போட்ட வயதான அம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியோடு இருந்தார். அவர்தான் ராத்தா என்று கேட்காமலே விளங்கியது.

யோகா சாறிப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றாள். ராத்தா வந்த பதற்றத்தில் ஒருவரும் கவனிக்கவில்லைப் போல, வலது புருவம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் மாறியது. ராத்தா இருந்த பக்கமாகக் கண்ணைக் காட்டி, போங்கோ என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

“வாங்கோ ஐயா, என்ன பாக்கிறியள்?” பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. தர்சினி. அவளுக்கு என்னைத் தெரியாது.

“சாறி” என்றேன்.

“ஆருக்கு?”

“மனிசிக்கு.”

பொய் சொல்லவில்லை.

“யோகாக்கா, ஐயாவுக்குச் சாறி காட்டுங்கோ.”

யோகா பலகையில் இரண்டு கைகளையும் வைத்தாள். “என்ன மாதிரிப் பாக்கிறியள் ஐயா? கலியாண வீட்டுக்கோ, சும்மா கட்டவோ?” என்றாள். கலியாணம் முடித்த இந்தப் பதினேழு வருடத்தில் அவள் என்னை ஐயா என்றது அன்றுதான்.

நான் விரலை என் வலது புருவத்தில் வைத்து ஒருமுறை இழுத்தேன்.

“தலையிடிக்குதோ ஐயா? தண்ணி கொண்டுவரச் சொல்லட்டோ?”

சாறியை விரிக்கிற சாட்டில் முன்னுக்குச் சாய்ந்து, “ஏன் வந்தனீங்கள்? கோழிக்கு ஏதும் நடந்ததோ?” என்று மெல்லக் கேட்டாள். தர்சினி அரை முழத் தூரத்தில் நின்றாள். நான் யார் என்று தெரிந்தால், புருவம் போனது போதாதென்று அந்தச் சட்டமும் சேர்ந்துவிடும்.

“இது வேண்டாம். மற்றது” என்றேன்.

நேரம் பிடிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். யோகா அடுத்ததை எடுத்தாள். “இது மயில்நீலம், ஐயா. கரை பாருங்கோ, பாரமில்லை, தோய்ச்சாலும் நிறம் போகாது.” நான் புருவத்தைத் தடவினேன். மற்றது என்றேன். அடுத்தது. தடவினேன். மற்றது. இந்த முறை அவளுடைய முகத்தையே நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது விளங்காதா, இப்போதாவது கை தானாக அந்த இடத்துக்குப் போகாதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பலகையில் சாறிகள் குவிந்துகொண்டே போயின. அவள் ஒன்றிலும் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் கரை, முந்தானை, எந்த நிறச் சட்டை பொருந்தும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஐயா.” தர்சினியின் குரல் மாறியிருந்தது. “சாறி எடுக்கிறதெண்டால் எடுங்கோ. வேலை செய்யிற ஆக்களின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்க வேண்டாம்.”

என் இரண்டு காதும் சுட்டன. இந்த மாவட்டத்தில் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றதாக யாராவது என்னைப் பற்றிச் சொன்னால், எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அங்கே எனக்குத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவளால் வாய் திறக்க முடியாது.

“பொறுங்கோ தர்சினி” என்றாள் யோகா. “ஐயாவுக்குப் பலகையில கிடக்கிற சாறியைப் பார்த்தால் பிடிபடேல்லைப் போல. நான் போட்டுக் காட்டுறன்.”

கையில் இருந்த பச்சைச் சாறியை உதறித் தோளில் போட்டாள். வாங்க வருகிறவர்களுக்கு அப்படிக் காட்டுவது அங்கே வழக்கம். போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் கண்டாள்.

ராத்தா கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார், யோகாவின் முகத்துக்கு நேரே. யோகா ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு தோளில் கிடந்த தலைப்பை மெல்ல எடுத்துத் தலைக்கு மேலால் கொண்டுவந்து, வலது பக்கத்தை நெற்றிவரை இழுத்து விட்டாள்.

“இஞ்ச பாருங்கோ ஐயா, இப்பிடி முக்காடு போட்டாலும் வடிவா நிக்கும். வழுக்காது. துணி அவ்வளவு மெல்லிசு.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“அதை இஞ்ச கொண்டு வா மகள்” என்றார் ராத்தா.

யோகா போனாள். ராத்தா துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை உயர்த்தி யோகாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீங்கள் ஆர்?”

நான் பலகையில் குவிந்து கிடந்த சாறிகளைப் பார்த்தேன்.

“என்ர மனிசன், ராத்தா” என்றாள் யோகா.

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டம் எல்லோருக்கும் தெரியும்.

“ஏன் வந்தவர்?”

இதற்கு யோகாவால் பதில் சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். எல்லாப் பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“புருவம்” என்றேன்.

“என்ன?”

“ஒரு புருவம் கீறேல்லை. வழியில எங்களிட்டக் கண்ணாடி இருக்கேல்லை. என்னைப் பார்க்கச் சொன்னவா. நான் வடிவாப் பார்க்காமல் சரியெண்டு சொல்லிப்போட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான். பிழை என்ர.”

அவ்வளவு நீளமாக அந்நியப் பெண்களின் முன்னால் நான் கதைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பின்னால் யாரோ ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தாள். ராத்தா சிரிக்கவில்லை.

“வேலை நேரம் தம்பி. நீங்கள் போங்கோ” என்றார்.

பின்னேரம்

அன்று முழுக்க நான் செய்த வேலை எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. கோழிகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் வைத்தேன். கத்தரிப் பாத்திக்கு மாற மறந்து ஒரே பாத்திக்கே இறைத்தேன். யோகா வேலையில்லாமல் வந்து இறங்கினால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தும் ஒரு வசனமும் அமையவில்லை.

பின்னேரம் கேபிள் போட்ட எங்கள் மோட்டார் சைக்கிளில் போய்ப் பின்ஒழுங்கையில் நின்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தர்சினி மட்டும் நின்று, “ஐயா, காலமை குறை நினைக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாக யோகா வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலது புருவமும் இருந்தது. இடதைவிட நேர்த்தியாக இருந்தது.

“ஏறட்டோ?” என்றாள்.

“என்ன சொன்னவா?”

“முதல் எடுங்கோ வண்டியை.”

தார் வீதிக்கு வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள். நான் வாசலைத் தாண்டியதும் ராத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாராம். பிறகு தர்சினியிடம் பென்சில் வாங்கி, யோகாவைக் கதிரைக்குக் கீழே இருத்தி, தன் கையாலேயே மற்றப் புருவத்தைக் கீறினாராம்.

“அவாவுக்கு எப்பிடித் தெரியும் உதெல்லாம்?” என்றேன்.

“நாலு பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கலியாண அலங்காரம் செய்த கையாம். கீறிக்கொண்டே சொன்னவா, ‘முகத்தில எவ்வளவு பூசியிருக்கெண்டு நான் பார்க்க வரேல்லை மகள். சாறி எடுக்காத ஒரு மனிசனுக்குப் பதினேழு சாறி விரிச்சாய், முகம் சுளிக்கேல்லை. கண்ணாடியில உன்னைக் கண்டு திடுக்கிட்ட நேரத்திலும் கை சாறியை விடேல்லை. முன்னுக்கு நில்’ எண்டு.”

“அப்ப...”

“ஓம். நிரந்தரம்தான். கடிதம் கிழமை முடியத் தருவினமாம்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஓட்ட முடியவில்லை. யோகா தோளில் கை வைத்து, “முதுகோ?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

“அந்தத் தம்பியை ஒருநாளைக்கு உண்மையாச் சாறி எடுக்க வரச் சொல்லு எண்டும் சொன்னவா. பதினேழையும் திரும்ப மடிக்க எனக்கு மத்தியானம் ஆச்சு.”

இனி ராத்தா சொன்னதைக் காரணமாக வைத்து இந்தப் பூச்செல்லாம் நின்றுவிடும், மதகடியில் நிற்கிற வேலையும் எனக்கு இல்லை என்று நினைத்தேன். அதைக் கேட்டும் விட்டேன்.

“ஏன் நிப்பாட்டுவான்?” என்றாள் யோகா. “முதல் அவையள் சொன்னதுக்காகப் போட்டனான். இப்ப எனக்குப் பிடிச்சிருக்கு. லிப்ஸ்ரிக் போட்டால் வாய் தானா வடிவாக் கதைக்குது. கிறீம்தான் கொஞ்சம் குறைக்கலாம்.”

மறுபடி வண்டியை எடுத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் பின்னாலிருந்து கேட்டாள்.

“பதினேழில ஒண்டாவது பிடிச்சதோ?”

“நான் சாறியைப் பார்க்கேல்லை.”

“அது கடை முழுக்கத் தெரியும்.”

வீதியில் யாரும் இல்லை. அவளுக்கு என் முகம் தெரியாது, எனக்கும் அவள் முகம் தெரியாது. அதனால் சொல்ல முடிந்தது.

“உம்மட வலப் புருவத்துக்குக் கீழ ஒரு சின்ன மச்சம் இருக்கு. கிறீமுக்குள்ளாலயும் தெரிஞ்சுது.”

தோளில் பிடித்திருந்த கையை அவள் எடுத்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன்.

“அது பிறந்ததில இருந்து இருக்கு” என்றாள். “இண்டைக்குத்தான் கண்டனீங்களோ?”

“ஓம்.”

கிரவல் தொடங்கியது. வண்டியை மெதுவாக்கினேன்.

“அப்ப நாளையில இருந்து அதுக்கு மேல கிறீம் பூசமாட்டன்” என்றாள்.